ஐந்து சிசி

என் ஜென் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று சிசி.
திம்மராயனின் பலேனோ ஆர்எஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு.
நடுவே ஐந்து சிசி:
இருமல் மருந்தில் ஒரு தேக்கரண்டி.
அந்தத் தேக்கரண்டிக்குள் இருபது வருஷம்.

பர்கூர் ரோட்டில் மாம்பழக் கூழ் ஆலை.
நான் சோதனைக்கூடம், அவன் கொள்முதல்.
சீசனில் நாளுக்கு நாற்பது லாரி பெங்களூரா.
லாரிக்கு ஒரு சொட்டு பிழிந்து
கண்ணாடியில் வைத்து
இனிப்பை எண்ணாக எழுதுவது என் வேலை.
பதினாலு. பதினாலரை.
"நம்பரைச் சொல்லுங்க நாகரத்னா, கதை வேணாம்" என்பான்,
கார் பேச்சு வந்தாலும்.
அவனுக்கு நூற்றியொரு குதிரை.
எனக்கு ஐம்பது,
அதில் எத்தனை உயிரோடு இருக்கிறதோ.

சீசன் முடிந்த முதல் ஞாயிறு,
விடிவதற்கு முன்னால்
அஞ்செட்டியில் சாவியை மாற்றிக்கொண்டோம்.
தேன்கனிக்கோட்டை வரை ஏற்றம்.
போனில் ஸ்டாப்வாட்ச்.

அவன் கார் முதலில் யோசிக்கிறது,
பிறகு ஒரே தள்ளு.
கல்யாண வீட்டில் பந்திக்குக் கதவு திறந்ததும்
முதுகில் விழுமே, அந்தத் தள்ளு.
திரையில் சிவப்புப் பட்டைகள் ஏறி ஏறி இறங்குகின்றன.
ஸ்டியரிங் இலவம்பஞ்சு.
ரோட்டில் பள்ளம் இருந்ததா என்று
அதைத்தான் கேட்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடியில் என் ஜென்.
வெளியிலிருந்து அதை ஓட்டத்தில் பார்ப்பது
இதுதான் முதல் தடவை.
இவ்வளவு சின்னதா?
வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து
இடுப்பில் குடத்தோடு ஓடுகிறவள் மாதிரி வருகிறது.
அதில் ஆர்பிஎம் முள் கிடையாது.
காதுதான் முள்.
மூன்றாவது கியருக்கு அவன் தாமதிப்பது
இங்கே எனக்குக் கேட்கிறது.
போடு, போடுடா,
இடது கால் தானாக அழுத்துகிறது
அடுத்தவன் கிளட்சை.

ஏழாவது வளைவில் முறிந்த மூங்கில்.
அதற்கப்பால் ரோடு இருக்க வேண்டிய இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்,
வாலோடு.

ரிவர்ஸ் போட்டேன்.
பீப். பீப் பீப். பீப்பீப்பீப்.
பின்னால் வண்டி நிற்கிறதென்று
காடு முழுக்கச் சொல்லிவிட்டது அந்தப் புத்திசாலி.
சுவரில் ஒரு காது விரிந்தது.
இன்ஜினை அணைத்தேன்.

கண்ணாடியில் பார்த்தால்
ஜென் எப்போதோ அணைந்திருக்கிறது.
நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து,
மேசையிலிருந்து நழுவும் காகிதம்போல்
சத்தமில்லாமல் பின்னால் போகிறது.
யார் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு?
கார்தான் சொல்லியிருக்கும்.

நானும் நியூட்ரல்.
இருநூறு கிலோ அதிகம் என்பது
ஒரு எண் இல்லை, வலது தொடை என்று
அப்போது தெரிந்தது.
இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கருங்கல்.
ஸ்டியரிங் பஞ்சு போய் ஆட்டுக்கல்.
தள்ளும் இல்லை, பட்டையும் இல்லை.
குதிரைகள் அத்தனையும் இறங்கிப் போன பிறகு
இரண்டும் இறக்கத்தில் இரண்டு எடை,
டயரின் கீழ் சருகுச் சத்தம் மட்டும்.

வளைவுக்குக் கீழே நின்றோம்.
எவ்வளவு நேரம் என்று போனுக்குத் தெரியும்,
அது ஓடிக்கொண்டே இருந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது
ஒரு மணி ஏழு நிமிஷம், இருவருக்கும்.
திம்மராயன் டீயை ஆற்றினான், ஆற்றிக்கொண்டே இருந்தான்.
"நம்பர் சொல்லுங்க" என்றேன்.
ஜென்னில் பெட்ரோல் வாசனை வருது,
பாத்துக்கோங்க என்றான்.
உங்க காருக்கு வாய் அதிகம் என்றேன்.

சாவி திரும்பியது.
என் காரில் உட்கார்ந்தால்
கிளட்ச் எட்டவில்லை.
அவன் உயரத்துக்கு
சீட் பின்னால் போயிருந்தது.
எதிரே அவன்
முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க
நெம்புகோலைத் தேடிக்கொண்டிருந்தான்.
கண்ணாடியை இறக்கி
இடது பக்கம் அடியில் என்று கத்தலாம்.

கொஞ்ச நேரம் தேடட்டும்.